வீட்டைக் கூட்டும் ரோபோ... பரபரப்பான குடும்பத்துக்கு உண்மையிலேயே கைகொடுக்குமா?

இரவு 8 மணி. இப்போதுதான் வேலையிலிருந்து வீடு திரும்பியிருக்கிறீர்கள்.

சாப்பாட்டு மேசைக்குக் கீழே சோற்றுப் பருக்கைகள். சோஃபாவுக்கு அடியில் பிஸ்கட் தூள். குளியலறை வாசலில் தலைமுடி.

"இன்னைக்கு யாரு கூட்டுறது?"

வீட்டில் யாராவது ஒருவர் இந்தக் கேள்வியைக் கேட்பார். யாருமே கேட்காவிட்டால், தினமும் செய்கிறவரே இன்றைக்கும் துடைப்பத்தை எடுப்பார். அவர் யார் என்று உங்களுக்கே தெரியும்.

அந்த நேரம் பார்த்துக் கைத்தொலைபேசியில் ஒரு விளம்பரம். வட்டமான கருவி ஒன்று தானே கூட்டுகிறது, தானே துடைக்கிறது, மாப்பையும் தானே அலசிக்கொள்கிறது. விலை 999 வெள்ளி.

வாங்கலாமா?

சில வீடுகளுக்கு அது நல்ல உதவி. வேறு சில வீடுகளில் மூன்றே மாதத்தில் மூலையில் தூங்கும். உங்கள் வீடு எந்த வகை என்பதைக் கடைக்குப் போகும் முன்பே கண்டுபிடித்துவிடலாம். எப்படி என்று பார்ப்போம்.

எப்போது வந்தது இந்த ரோபோ?

புதிய பொருள் போலத் தெரிந்தாலும் இதற்கு 20 வயதுக்கு மேல் ஆகிவிட்டது.

சுவீடனின் எலக்ட்ரோலக்ஸ் நிறுவனம் 'டிரைலோபைட்' எனும் ரோபோ தூசு உறிஞ்சியை 2001இல் விற்பனைக்குக் கொண்டுவந்தது. அடுத்த ஆண்டே, 2002இல், அமெரிக்காவின் ஐரோபோட் நிறுவனம் 'ரூம்பா'வை அறிமுகம் செய்தது. மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தைச் சேர்ந்த மூவர் 1990இல் தொடங்கிய நிறுவனம் அது. ரூம்பாவின் விலை 199 அமெரிக்க டாலர்தான். சாதாரணக் குடும்பம் வாங்கக்கூடிய விலைக்கு வந்த பிறகே இந்தக் கருவி பரவலானது.

அந்தக் காலத்து ரோபோவுக்கு வழி தெரியாது. சுவரில் முட்டும், திரும்பும், வேறு பக்கம் போகும். கூட்டிய இடத்தையே திரும்பத் திரும்பக் கூட்டும்.

இப்போதுள்ளவை அப்படியல்ல. பெரும்பாலானவற்றின் தலைமேல் 'லைடார்' எனும் சிறு கோபுரம் இருக்கும். அது லேசர் ஒளியைச் சுற்றிலும் பாய்ச்சி, ஒளி திரும்பிவரும் விதத்தைக் கொண்டு தூரத்தை அளக்கும். முதல் நாளே உங்கள் வீட்டின் வரைபடம் தயார். பிறகு வயலில் உழுவதுபோல் வரிசை வரிசையாகப் போகும்.

சில கருவிகளில் கேமராவும் உண்டு. தரையில் கிடக்கும் காலுறை, மின்கம்பி, செருப்பு ஆகியவற்றை அடையாளம் கண்டு விலகிப்போக அது உதவும்.

எதை நன்றாகச் செய்யும்?

தினசரித் தூசு. இதுதான் ரோபோவின் பலம்.

சன்னல் வழியாக வரும் தூசு, தலைமுடி, ரொட்டித் துகள், காலில் ஒட்டிவரும் மணல்... இவற்றை அது சலிக்காமல் எடுக்கும். வாரம் ஒருமுறை நாம் முழுமூச்சாகக் கூட்டுவதைவிட, ரோபோ தினமும் சுமாராகக் கூட்டினாலே தரை சுத்தமாகத் தெரியும். தூசு சேர நேரம் கிடைக்காது என்பதுதான் காரணம்.

கட்டிலுக்கு அடியில் போவது இன்னொரு பலம். முதுகு வலியோடு யாரும் குனியத் தேவையில்லை. ஆனால் லைடார் கோபுரம் உள்ள கருவிகள் பொதுவாக 9 முதல் 10 சென்டிமீட்டர் உயரம் இருக்கும். உங்கள் சோஃபாவுக்கும் கட்டிலுக்கும் கீழே அதைவிடக் கூடுதல் இடைவெளி இருக்க வேண்டும். இப்போதே ஓர் அளவுகோலை எடுத்துப் பாருங்கள்.

புதிய நான்கறை வீவக வீடு ஏறத்தாழ 90 சதுர மீட்டர். பெரும்பாலும் ஒரே தளம், படிகள் இல்லை, ஓடு அல்லது வினைல் தரை. ரோபோவுக்கு இதைவிட வசதியான வீடு கிடைப்பது கடினம். மாடிப்படி உள்ள வீடுகளில் ஒவ்வொரு மாடிக்கும் அதைத் தூக்கிச் செல்ல வேண்டியிருக்கும்.

எதைச் செய்யாது?

விளம்பரத்தில் வராத பட்டியல் இது.

- மூலை: வட்டமான கருவி சதுரமான மூலைக்குள் முழுதாகப் போகாது. பக்கவாட்டுப் பிரஷ் கொஞ்சம் இழுத்துவரும். மிச்சம் அங்கேயே இருக்கும்.
- பிசுபிசுப்பு: காய்ந்துபோன மைலோ கறை, தரையில் ஒட்டிய சோறு... ஒருமுறை துடைத்தால் போகாது.
- அடுப்படி எண்ணெய்: தாளிக்கும்போது தெறிக்கும் எண்ணெயை வெறும் தண்ணீர் மாப் எடுக்காது. சில நேரம் அதைச் சக்கரத்திலும் மாப்பிலும் தேய்த்து வரவேற்பறை வரை கொண்டுவந்துவிடும்.
- குளியலறை: பெரும்பாலான வீடுகளில் தரை தாழ்வாக இருக்கும், அல்லது வாசலில் தடுப்பு இருக்கும். ரோபோ உள்ளே போகாது. போகவும் விடாதீர்கள்.
- உயரமான இடங்கள்: அலமாரி, மின்விசிறி, சன்னல் கம்பி... இவை உங்கள் கையில்தான்.

பழைய வீடுகளில் அறை வாசலில் தடுப்பு இருக்கலாம். பெரும்பாலான கருவிகள் 2 சென்டிமீட்டர் வரைதான் ஏறும். விலை அதிகமான சில புதிய கருவிகள் அதற்குமேலும் ஏறும்.

கறுப்பு நிறக் கம்பளமும் சிக்கல்தான். படியிலிருந்து விழாமல் இருக்க ரோபோவின் அடியில் உணர்கருவிகள் உண்டு. கீழே ஒளி பட்டுத் திரும்பாவிட்டால் 'இங்கே பள்ளம்' என்று அவை நினைக்கும். கறுப்பு ஒளியை உள்வாங்கிக்கொள்வதால் சில ரோபோக்கள் கம்பளத்தின் ஓரத்திலேயே நின்றுவிடும்.

நம்ம வீடு, நம்ம பழக்கம்

வெளிநாட்டுக் காணொளிகளில் வரும் வீடும் நம் வீடும் ஒன்றல்ல. சில விஷயங்களை நாம்தான் யோசிக்க வேண்டும்.

நீளமான தலைமுடி: அம்மா, மகள், பாட்டி என்று மூவருக்கும் நீளமான முடி இருந்தால், அடியில் உள்ள உருளையில் வாரத்துக்கு ஒரு கொத்து சுற்றியிருக்கும். கத்தரிக்கோலால் வெட்டி எடுக்க வேண்டும். முடி உள்ள பிரஷைவிட ரப்பர் உருளையில் சிக்கல் குறைவு. சக்கரத்தின் அச்சிலும் முடி சுற்றும். அதைப் பலர் கவனிப்பதில்லை.

பூசை இடம்: தரையோடு ஒட்டிக் குத்துவிளக்கு வைக்கும் வீடா? அந்த இடத்தைச் செயலியில் 'போகக்கூடாத பகுதி' என்று கட்டாயம் குறித்துவையுங்கள். விளக்கு எரியும் நேரத்தில் ரோபோ ஓடவே கூடாது. மேசைவிரிப்பின் ஓரத்தையோ தொங்கும் துணியையோ அது இழுத்தால் விளக்கு சாயலாம்.

கோலம்: வீட்டுக்குள் மாவுக்கோலம் போட்டிருந்தால் ரோபோவுக்கு அதுவும் தூசுதான். விசேஷ நாளில் கால அட்டவணையை நிறுத்திவைக்க மறக்காதீர்கள். அதிகாலையில் எழுந்து போட்ட கோலத்தை 9 மணிக்கு அது சுத்தமாக அழித்துவிட்டு, 'வேலை முடிந்தது' என்று உங்களுக்குத் தகவலும் அனுப்பும்!

மின்கம்பிகள்: கைத்தொலைபேசி சார்ஜர், மேசை மின்விசிறியின் கம்பி, சன்னல் திரையின் கயிறு... தரையில் கிடந்தால் பிரஷில் சுற்றிக்கொள்ளும். ரோபோ பாதி வழியில் நிற்பதற்கு அடிக்கடி காரணமாவது இதுதான்.

தேங்கிய தண்ணீர்: துடைக்கும் ரோபோவில் சுத்தமான தண்ணீருக்கு ஒரு தொட்டி, அழுக்குத் தண்ணீருக்கு ஒரு தொட்டி. நம் வெப்பத்தில் அழுக்குத் தண்ணீர் ஓரிரு நாளிலேயே நாறும். வெளியூர் போகும்போது தொட்டியைத் திறந்தபடி தண்ணீரோடு விட்டுச் செல்லாதீர்கள். ஏடிஸ் கொசு முட்டையிலிருந்து வளர்ந்து பறக்க ஒரு வாரம் போதும்.

மரத்தரை: பழைய வீடுகளில் மரத்தரை இருந்தால் தண்ணீர் அளவைக் குறைத்துவையுங்கள். ஈரம் ஊறினால் மரம் உப்பும். தொட்டிக்குள் வினிகர், கிருமிநாசினி என்று கண்டதையும் ஊற்றாதீர்கள். பல கருவிகளின் உத்தரவாதம் அதனாலேயே செல்லாமல் போகலாம்.

நேரம் மிச்சமாகுமா? கணக்குப் போட்டுப் பார்ப்போம்

ஐவர் உள்ள ஒரு குடும்பத்தை எடுத்துக்கொள்வோம். அம்மா, அப்பா இருவரும் வேலைக்குப் போகிறார்கள். பள்ளி செல்லும் பிள்ளைகள் இருவர். கூடவே பாட்டி.

இப்போது:

- தினமும் கூட்ட 15 நிமிடம். வாரத்துக்கு 105 நிமிடம்.
- வாரம் இருமுறை துடைக்க, ஒருமுறைக்கு 30 நிமிடம். மொத்தம் 60 நிமிடம்.
- ஆக, வாரத்துக்கு 165 நிமிடம்.

ரோபோ வந்த பிறகு:

- தரையில் கிடப்பதை எடுத்துவைக்கத் தினமும் 5 நிமிடம். வாரத்துக்கு 35 நிமிடம்.
- தொட்டி கழுவ, முடி எடுக்க, வடிகட்டி தட்ட வாரத்துக்கு 20 நிமிடம்.
- மூலை, அடுப்படி ஆகியவற்றை நாமே செய்ய 30 நிமிடம்.
- ஆக, 85 நிமிடம்.

மிச்சம் 80 நிமிடம். பரவாயில்லையே!

இப்போது ஒரே ஓர் எண்ணை மாற்றுங்கள். தரையில் லெகோ, புத்தகப்பை, காலுறை, வண்ணப் பென்சில் என்று நிறைய கிடக்கும் வீடு அது. எடுத்துவைக்கத் தினமும் 5 நிமிடம் போதாது. 15 நிமிடம் வேண்டும்.

அப்போது 105, 20, 30. மொத்தம் 155 நிமிடம்.

மிச்சம்? வெறும் 10 நிமிடம்.

அதே ரோபோ, அதே விலை. வித்தியாசம் தரையில்தான் இருக்கிறது.

இந்தக் கணக்கு உங்கள் வீட்டுக்கு அப்படியே பொருந்தாது. உங்கள் எண்களைப் போட்டுப் பாருங்கள். ஆனால் முடிவைத் தீர்மானிப்பது எது என்று இது காட்டிவிடுகிறது. ரோபோ எவ்வளவு பலமாக உறிஞ்சும் என்பதைவிட, அது ஓடும் முன் தரை எவ்வளவு காலியாக இருக்கும் என்பதுதான் முக்கியம்.

எடுத்துவைப்பது யார்?

இன்னொரு கேள்வியையும் தள்ளிப்போட முடியாது. அந்த 15 நிமிடம் யாருடையது?

அமெரிக்க வரலாற்றாசிரியர் ரூத் ஷ்வார்ட்ஸ் கோவன் 1983இல் 'மோர் வொர்க் ஃபார் மதர்' எனும் நூலை வெளியிட்டார். சலவை இயந்திரமும் தூசு உறிஞ்சியும் வந்த பிறகும் அம்மாக்களின் வேலை நேரம் எதிர்பார்த்தபடி குறையவில்லை என்பது அவருடைய வாதம். கருவி வந்ததும் 'வீடு இவ்வளவு சுத்தமாக இருக்க வேண்டும்' என்ற எதிர்பார்ப்பும் ஏறிவிட்டது. முன்பு பலரும் பகிர்ந்து செய்த வேலை ஒருவர் தலையில் விழுந்தது.

ரோபோவிலும் அதே ஆபத்து உண்டு. "அதான் மெஷின் இருக்கே" என்று மற்றவர்கள் ஒதுங்கிக்கொள்வார்கள். பொம்மையை எடுத்துவைப்பது, தொட்டியைக் கழுவுவது, சிக்கிய ரோபோவை மீட்பது எல்லாம் முன்பு கூட்டியவரிடமே போய்ச் சேரும். வேலையின் பெயர் மாறும். செய்கிறவர் மாறமாட்டார்.

வாங்கும் முன்பே பேசிவிடுங்கள். பிள்ளைகள் பொம்மைகளை எடுத்துவைக்கட்டும். அப்பா தொட்டியைக் கழுவட்டும். ஞாயிற்றுக்கிழமை முடி எடுப்பது அண்ணனின் வேலை. பெரிய பெட்டி வீட்டுக்கு வந்த பிறகு இதைப் பேசுவது சிரமம்.

பணம் எவ்வளவு?

சிங்கப்பூரில் இப்போது மூன்று விலைப் பிரிவுகளைப் பார்க்கலாம்.

- சுமார் 200 முதல் 400 வெள்ளி: கூட்டும், கொஞ்சம் ஈரத்துணியும் இழுக்கும். தூசுப் பெட்டியை நாமே அடிக்கடி கொட்ட வேண்டும்.
- சுமார் 500 முதல் 900 வெள்ளி: தூசைத் தானே நிலையத்தில் உள்ள பைக்குள் தள்ளும்.
- 1,000 வெள்ளியும் அதற்கு மேலும்: மாப்பைத் தானே அலசும், வெப்பக் காற்றில் உலர்த்தும், தண்ணீரைத் தானே நிரப்பிக்கொள்ளும்.

விலையோடு செலவு முடிவதில்லை. தூசுப்பை, வடிகட்டி, பக்கவாட்டுப் பிரஷ், மாப் துணி ஆகியவற்றுக்கு ஆண்டுக்கு ஏறத்தாழ 100 வெள்ளி ஒதுக்கிவையுங்கள்.

மின்சாரம் பயமுறுத்தாது. ஒருமுறை முழுதாகச் சார்ஜ் செய்ய ஏறத்தாழ 0.1 கிலோவாட்-மணி. ஒரு கிலோவாட்-மணி சுமார் 30 காசு என்று வைத்துக்கொண்டால் 3 காசுதான். மாப்பைச் சூடாக உலர்த்தும் கருவி அதைவிடக் கூடுதலாக இழுக்கும். அப்போதும் மாதத்துக்கு 2 அல்லது 3 வெள்ளிக்குள் அடங்கும்.

1,000 வெள்ளிக் கருவி 4 ஆண்டு உழைப்பதாக வைத்துக்கொள்வோம். ஆண்டுக்கு 250 வெள்ளி. உதிரிப் பொருள் 100. மின்சாரம் 25. மொத்தம் 375 வெள்ளி. வாரத்துக்கு ஏறத்தாழ 7 வெள்ளி.

வாரம் 80 நிமிடம் மிச்சமானால், ஒரு மணி நேரத்தை நீங்கள் 5 வெள்ளி சொச்சத்துக்கு வாங்குகிறீர்கள். நல்ல பேரம். வாரம் 10 நிமிடம்தான் மிச்சம் என்றால், அதே ஒரு மணி நேரத்தின் விலை 40 வெள்ளியைத் தாண்டிவிடும்.

பகுதிநேரமாக வீட்டைச் சுத்தம் செய்பவரை அழைப்பதோடு ஒப்பிடலாமா? மணிக்கு 25 வெள்ளி, வாரம் 2 மணி நேரம் என்று வைத்தால் ஆண்டுக்கு 2,600 வெள்ளி. ரோபோ மலிவுதான். ஆனால் அவர் குளியலறையைத் தேய்ப்பார், சன்னலைத் துடைப்பார், அடுப்படி எண்ணெயையும் எடுப்பார். இரண்டும் ஒரே வேலை அல்ல.

வீட்டில் ஏற்கெனவே பணிப்பெண் இருக்கிறாரா? அங்கேயும் ரோபோவுக்கு இடம் உண்டு. தரை வேலையை அது பார்த்துக்கொண்டால், அந்த நேரத்தில் அவர் தாத்தாவை நடைக்கு அழைத்துச் செல்லலாம், குழந்தையோடு இருக்கலாம். சற்று ஓய்வும் எடுக்கலாம்.

பாட்டி, குழந்தை, பூனை

வீட்டில் முதியவர் இருந்தால் நேரத்தைக் காசாக எண்ணும் முன் இதைப் படியுங்கள்.

ரோபோ தாழ்வாக, மெதுவாக, எதிர்பாராத திசையிலிருந்து வரும். கண்பார்வை மங்கியவருக்கு, நடக்கும்போது தடுமாறுபவருக்கு அது கால் இடறும் பொருள். வயதான காலத்தில் ஒரு விழுகை வாழ்க்கையையே மாற்றிவிடலாம். எந்த நேர மிச்சமும் அதற்கு ஈடாகாது.

என்ன செய்யலாம்?

- பாட்டி உட்கார்ந்திருக்கும் நேரத்தை அல்லது வெளியே போகும் நேரத்தைத் தேர்ந்தெடுங்கள்.
- இரவில், விளக்கணைத்த பிறகு ஓடவிடாதீர்கள். குளியலறைக்கு எழுந்து போகிறவர் இடறலாம்.
- துடைத்த தரை காய 10, 15 நிமிடம் விடுங்கள். ஈரமான ஓடு வழுக்கும்.
- நிறுத்தும் பொத்தான் எங்கே என்று பாட்டிக்குக் காட்டிக்கொடுங்கள். செயலி அவருக்கு வேண்டாம். ஒரே ஒரு பொத்தான் போதும்.

அதே சமயம், முதுகு வலியோடு குனிந்து கூட்டிக்கொண்டிருந்தவர் பாட்டியே என்றால், அந்த வீட்டுக்கு ரோபோ பெரிய உதவி. இரண்டு பக்கத்தையும் பாருங்கள்.

தவழும் குழந்தை தரையிலேயே வாழும். தினமும் தூசு எடுப்பது நல்லது. ஆனால் குழந்தையும் ரோபோவும் ஒரே நேரத்தில் தரையில் இருக்க வேண்டாம். சிறு விரலும் முடியும் பிரஷில் சிக்கலாம்.

மூக்கடைப்பு, ஆஸ்துமா உள்ள வீடுகளில் பலர் ரோபோவை நம்பி வாங்குகிறார்கள். நம் ஊரில் ஒவ்வாமைக்கு முக்கியக் காரணம் தூசிச் சிற்றுண்ணி. அது அதிகம் வாழ்வது தரையில் அல்ல, மெத்தையிலும் தலையணையிலும்தான். ரோபோ அங்கே ஏறாது. படுக்கை விரிப்பை வாரம் ஒருமுறை சூடான நீரில் துவைப்பதற்கு அது மாற்றாகாது. தூசுப் பெட்டியைக் கொட்டும்போது ஒவ்வாமை உள்ளவர் தள்ளி நிற்கட்டும்.

பூனையோ நாயோ இருந்தால்? முடி எடுக்க உதவும். ஆனால் செல்லப்பிராணி வீட்டுக்குள் மலம் கழித்துவிட்டால்... ரோபோ அதை வீடு முழுவதும் பூசிவிடும். வேடிக்கைக்குச் சொல்லவில்லை. ஐரோபோட் நிறுவனம் 2021இல் அதை அடையாளம் கண்டு விலகும் கருவியையே தனியாக அறிமுகம் செய்தது. அந்த அளவுக்குப் பலரும் பட்ட அவதி அது!

உங்கள் வீட்டைப் பார்ப்பது ரோபோ மட்டுமா?

கேமரா, ஒலிவாங்கி, வீட்டின் வரைபடம், இணையம்... நான்கும் சேர்ந்த கருவி ஒன்று படுக்கையறை வரை வருகிறது. யோசிக்க வேண்டிய விஷயம்தானே?

இதுவரை வெளிவந்தவற்றில் மூன்று:

- 2020: சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகமும் அமெரிக்காவின் மேரிலந்து பல்கலைக்கழகமும் சேர்ந்து ஓர் ஆய்வு நடத்தின. ஒலிவாங்கி இல்லாத ரோபோவின் லைடார் ஒளியைக் கொண்டே அறையில் உள்ள ஒலியை ஊகிக்க முடியும் என்று ஆய்வாளர்கள் காட்டினர். பேச்சொலியால் அருகிலுள்ள பொருள்கள் லேசாக அதிர்வதை அது படித்தது. அது ஆய்வுக்கூடச் செயல்விளக்கம். ஆனால் எச்சரிக்கை உண்மையானது.
- 2022: ரூம்பா சோதனைக் கருவிகள் வீடுகளுக்குள் எடுத்த படங்கள் சமூக ஊடகத்தில் கசிந்ததாக 'எம்ஐடி டெக்னாலஜி ரிவியூ' செய்தி வெளியிட்டது. கழிவறையில் இருந்த பெண்ணின் படமும் அவற்றில் இருந்தது. அவை கடையில் விற்ற கருவிகள் அல்ல, சோதனைக்குக் கொடுக்கப்பட்டவை.
- 2024: அமெரிக்காவில் சில எக்கோவேக்ஸ் ரோபோக்களை ஊடுருவியவர்கள் அவற்றின் ஒலிபெருக்கி வழியாகவே வீட்டாரைத் திட்டினர்.

பயந்து ஒதுங்கத் தேவையில்லை. சில முன்னெச்சரிக்கைகள் போதும்.

- கேமரா இல்லாத, லைடார் மட்டும் உள்ள கருவி கிடைக்கிறது. தரை காலியாக இருக்கும் வீட்டுக்கு அதுவே போதும்.
- இணையப் பாதுகாப்பு முத்திரை உள்ளதா என்று பாருங்கள். சிங்கப்பூர் இணையப் பாதுகாப்பு அமைப்பு 2020இல் தொடங்கிய திட்டம் அது. மொத்தம் 4 நிலைகள். நிலை கூடக்கூடச் சோதனையும் கடுமை.
- கடவுச்சொல்லைத் தனியாக வையுங்கள். மின்னஞ்சலுக்கு உள்ளதையே இதற்கும் வைக்காதீர்கள்.
- மென்பொருள் மேம்பாடு வந்தால் தள்ளிப்போடாதீர்கள்.
- படுக்கையறைக்குத் தேவையான நேரத்தில் மட்டும் அனுப்புங்கள்.

நிறுவனம் மூடிவிட்டால்?

செயலியை நம்பி ஓடும் கருவிக்கு இந்தக் கேள்வியும் உண்டு.

அமெரிக்காவின் நியேட்டோ ரோபோ நிறுவனத்தை அதன் தாய் நிறுவனம் 2023இல் மூடியது. ரூம்பாவைத் தந்த ஐரோபோட்டின் கதை இன்னும் பெரியது. அதை 1.7 பில்லியன் டாலருக்கு வாங்குவதாக அமேசான் 2022இல் அறிவித்தது. ஐரோப்பிய ஒன்றியம் ஆட்சேபம் தெரிவித்த நிலையில் 2024 ஜனவரியில் அந்தத் திட்டம் கைவிடப்பட்டது. 2025 டிசம்பரில் ஐரோபோட் திவால் பாதுகாப்பு கோரியது.

அதனால் கடையில் ஒரு கேள்வி கேளுங்கள்: "செயலி இல்லாம, பொத்தானை அழுத்தினா இது கூட்டுமா?" கூட்டும் என்றால் நல்லது.

வாங்கும்போது எதைப் பார்க்க வேண்டும்?

விளம்பரத்தில் பெரிதாக இருப்பது 'பாஸ்கல்' எண். 8,000... 15,000... 20,000 என்று ஏறிக்கொண்டே போகும். அது உறிஞ்சும் அழுத்தம் மட்டுமே. காற்று எவ்வளவு போகிறது, பிரஷ் எப்படி இருக்கிறது என்பதும் முக்கியம். கம்பளம் இல்லாத ஓட்டுத் தரைக்கு அந்த எண்ணைத் துரத்தத் தேவையில்லை.

இவற்றைப் பாருங்கள்:

- நிலையத்துக்கு இடம்: மாப் அலசும் நிலையம் சிறிய அலமாரி போல் இருக்கும். மின்சாரமும் வேண்டும், முன்னால் காலி இடமும் வேண்டும்.
- சத்தம்: கூட்டும்போது பரவாயில்லை. தூசை நிலையத்துக்கு இழுக்கும் சில விநாடிகள் பலமாக இரையும். குழந்தை தூங்கும் அறைக்குப் பக்கத்தில் நிலையத்தை வைக்காதீர்கள்.
- உதிரிப் பொருள்: இங்கே கடையில் கிடைக்குமா, விலை என்ன?
- மின்கலம்: பழுதானால் மாற்றித் தருவார்களா? எவ்வளவு?
- வைஃபை: பல கருவிகள் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் மட்டுமே இணையும்.
- மின் பொருத்தி: வெளிநாட்டிலிருந்து மலிவாக வரவழைக்கும் கருவியில் இங்குள்ள பாதுகாப்புக் குறியீடு இருக்காமல் போகலாம். செருகியும் பொருந்தாமல் இருக்கலாம்.

உள்ளூரில் வாங்குவதில் இன்னொரு லாபம் உண்டு. 2012 முதல் நடப்பில் இருக்கும் 'லெமன்' சட்டப்படி, பொருள் கைக்கு வந்த 6 மாதத்துக்குள் குறை தெரிந்தால், அது விற்கும்போதே இருந்ததாகப் பொதுவாகக் கருதப்படும். அப்படி இல்லை என்று காட்ட வேண்டியது கடைக்காரர்தான். பழுதுபார்ப்பு, மாற்றுப்பொருள், விலைக்குறைப்பு அல்லது பணம் திரும்பப்பெறுதல்... இவற்றுக்கு வழி இருக்கிறது. ரசீதைப் பத்திரமாக வையுங்கள். வெளிநாட்டு இணைய விற்பனையாளரிடம் இதைக் கேட்டுப் பெறுவது எளிதல்ல.

கருவி பழையதானால் அதை அப்படியே குப்பைக் குழாயில் போட்டுவிடாதீர்கள். உள்ளே லித்தியம் மின்கலம் இருக்கிறது. நசுங்கினால் தீப்பற்றலாம். மின்கழிவு சேகரிக்கும் இடத்தில் ஒப்படையுங்கள்.

கடைசியாக... ஏழு நாள் சோதனை

காசு செலவில்லாத சோதனை இது. ரோபோ ஏற்கெனவே வீட்டில் இருப்பதாக நினைத்துக்கொள்ளுங்கள்.

ஏழு நாள். தினமும் ஒரு குறிப்பிட்ட நேரத்தில் தரையைக் காலியாக்குங்கள். பொம்மை, செருப்பு, கம்பி, பை... எல்லாம் மேலே. நாற்காலிகளை ஒதுக்குங்கள். எத்தனை நிமிடம் ஆனது, யார் செய்தார் என்று குளிர்பதனப் பெட்டியின் கதவில் ஒரு தாளை ஒட்டி எழுதுங்கள்.

ஏழாம் நாள் அந்தத் தாளைப் பாருங்கள்.

தினமும் 5 நிமிடத்துக்குள் முடிந்ததா? பலருடைய பெயர் இருக்கிறதா? தாராளமாக வாங்கலாம். நடுத்தர விலைக் கருவியே போதும்.

15 நிமிடத்துக்கு மேல் ஆனதா? மூன்றாம் நாளே கைவிட்டீர்களா? இப்போதைக்கு வேண்டாம். அந்தப் பணத்தில் பொம்மைகளுக்கு இரண்டு பெரிய கூடையும் செருப்புக்கு ஓர் அலமாரியும் வாங்குங்கள். ஆறு மாதம் கழித்துச் சோதனையைத் திரும்பச் செய்யலாம்.

ஏழு நாளும் ஒரே பெயர்தான் இருக்கிறதா?

அப்படியானால் அந்த வீட்டுக்கு முதலில் தேவைப்படுவது ரோபோ அல்ல. தாளை எல்லாரும் பார்க்கும்படி அப்படியே விட்டுவையுங்கள். இன்று இரவு 8 மணிக்கு "யாரு கூட்டுறது?" என்று கேட்பதற்குப் பதில், "இன்னைக்கு நான் கூட்டுறேன்" என்று இன்னொருவர் சொல்லட்டும்.

ரோபோவை அதற்குப் பிறகும் வாங்கிக்கொள்ளலாம்.